ஒரு கணினிக்கு மட்டும் இணையம் வேண்டாம்

கேள்வி: எங்கள் கந்தோர் திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கிறது. ஐந்து கணினிகளும் ஒரு பிரிண்டரும் ஒரே ரவுட்டரில் வயர் மூலம் இணைந்துள்ளன. கணக்குக் கணினியில் மட்டும் இணையம் வரக்கூடாது. ஆனால் அதில் பிரிண்ட் எடுக்கவும், அதிலுள்ள கோப்புறையை மற்றவர்கள் திறக்கவும் வேண்டும். ரவுட்டரில் மேக் ஃபில்டர் (கருவியின் அடையாள எண்ணை வைத்து அதைத் தடுக்கும் வசதி) போட்டோம், பலனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், உவர்மலை

பதில்: நீங்கள் போட்டது வைஃபைக்கான ஃபில்டராக இருக்கும். வயரில் வரும் கணினியை அது தொடாது. வைஃபையில் வந்திருந்தால் பிரிண்டரையும் சேர்த்தே துண்டித்திருக்கும். நீங்கள் அடைக்க வேண்டியது வெளியே போகும் வழியை மட்டும்தான். அந்த வழி கேட்வே. அதைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டாலே போதும்.

கொன்ட்ரோல் பனலில் ஈதர்நெட்டின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து, ஐபி பதிப்பு 4க்குப் போங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால் கணினிக்கு 192.168.1.240, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் வெறுமையாக விடுங்கள். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி எண்களுக்குள் 240 வரக்கூடாது. வந்தால் ஒருநாள் அதே எண் யாருடைய போனுக்காவது போய் இரண்டும் மோதும்.

அதே பட்டியலில் ஐபி பதிப்பு 6க்கு எதிரேயுள்ள சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் இணைப்பில் பதிப்பு 6 இருந்தால், ரவுட்டர் அந்த வழியைத் தானே அறிவித்துவிடும். பல தளங்கள் முடங்கிக் கிடக்க, யூடியூபும் பேஸ்புக்கும் மட்டும் தாராளமாகத் திறக்கும்.

இனி ஒரு சிக்கல். கேட்வே இல்லாத வலையமைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாததாகக் கருதி 'பப்ளிக்' வகையில் போடும். இங்கிருந்து பிரிண்ட் போகும், ஆனால் மற்றவர்களுக்கு இதன் கோப்புறை திறக்காது. ஃபயர்வோலில் அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' வரியில் 'பப்ளிக்' கட்டத்திலும் சரி போடுங்கள். கந்தோரை விட்டு வெளியே போகாத கணினிக்கு இதில் பயமில்லை. மடிக்கணினியென்றால் செய்யாதீர்கள்.

வேலை செய்பவருக்கு ஸ்டாண்டர்ட் கணக்கே கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருந்தால் இத்தனையையும் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். வைஃபை அடாப்டர் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் முடக்குங்கள். போனை யூஎஸ்பி வயரில் மாட்டி இணையம் எடுப்பதை இந்த அமைப்பு தடுக்காது. அதை ஊழியரிடம் நேரே சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரும் இனித் தானாகப் புதுப்பிக்காது. பென்டிரைவில் வரும் வைரஸுக்கு இணையம் தேவையில்லை என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதன் புதுப்பிப்புக் கோப்பை இறக்கி, பகிர்ந்த கோப்புறை வழியாக வாரம் ஒருமுறையாவது இதில் ஓடவிடுங்கள்.