தூபமும் சான்றிதழும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

1985-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஐந்து இரவுகளாக ஒளிபரப்பிய ‘ஏ.டி.’ தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். அப்போஸ்தலர் நடபடிகளையும் ரோமானிய அரண்மனைக் கதையையும் பின்னிச் சொல்லும் தொடர். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது: கொலோசியம், சிங்கங்கள், நிலவறைக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகள். இவற்றில் எவ்வளவு வரலாறு? ஊர் ஊருக்கு ஒரு தெய்வத்தை அனுமதித்த ரோம், இவர்களை மட்டும் ஏன் பொறுக்கவில்லை? எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் இதைத் திரையிடலாமா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

முதலில் சிங்கங்களை அனுப்பிவிடுவோம். பேரரசன் நீரோ காலத்தில் கொலோசியம் என்ற அரங்கமே கிடையாது. அவன் தன் மாளிகைக்காக வெட்டிய ஏரி இருந்த இடத்தில், அவனுக்குப் பின் வந்த வெஸ்பாசியன் கட்டத் தொடங்கியது அது. திறப்பு விழா கி.பி. 80-இல். 64-இல் ரோம் எரிந்த பிறகு கிறிஸ்தவர்கள்மேல் பழி விழுந்ததை எழுதியவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். விலங்குத் தோலைப் போர்த்தி நாய்களிடம் விட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியதும் விளக்குகளாக எரித்தார்கள் என்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் பார்த்தவர்களுக்கு இரக்கம் வந்தது என்பதை மறைக்கவில்லை. சிங்கம் அந்தப் பத்தியில் இல்லை. நிலவறைகள் இடுகாடுகள். பெரிய அளவில் அவற்றைத் தோண்டியது இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான். பேதுரு அங்கே ஒளிந்திருக்க வழியே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. யூதர்களும் ஒரே கடவுள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது மூதாதையர் வழி வந்த பழைய மதம். எருசலேம் ஆலயத்தில் பேரரசரின் நலனுக்காகப் பலியும் செலுத்தி வந்தார்கள். 66-இல் அதை நிறுத்தியதும் கலகம் வெடித்தது. கிறிஸ்தவர்களோ பிறந்த குடியின் தெய்வங்களைக் கைவிட்டு வந்தவர்கள். தெய்வங்கள் கோபித்தால் விளைச்சலும் போரும் பாழாகும் என்று நம்பிய ஊரில் இவர்கள் பொதுநலனுக்கே எதிரிகளாகத் தெரிந்தார்கள். அதற்காக ரோம் ஓயாமல் இவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது என்றும் எண்ண வேண்டாம். பவுலைக் கொரிந்துவில் யூதர்கள் இழுத்து வந்தபோது ஆளுநர் கல்லியோன் வழக்கையே கேட்க மறுத்துவிட்டான். பவுலும் “இராயனுக்கு அபயமிடுகிறேன்” என்று, அதாவது பேரரசரிடமே முறையிடுகிறேன் என்று, ரோமானியச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தொடர் நன்றாகச் செய்திருப்பது, அரண்மனையையும் ஏழைகளின் சிறு வீடுகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவதுதான். ஆனால் அரண்மனை மற்றதை விழுங்கிவிடுகிறது. பேரரசர் திபேரியுவாக நடிகர் ஜேம்ஸ் மேசன் வந்து அமர்ந்தால் வேறு யார்மேல் கண் போகும்? போதாததற்குக் கற்பனைக் காதல் கதைகள் வேறு. எனக்கு அவை தேவையற்ற சுமை. நாடகம் வேண்டுமென்றால் ரோமானியரின் அலுவலகக் காகிதங்களிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

சுமார் 112-ஆம் ஆண்டு. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று பலரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘நீ கிறிஸ்தவனா?’ என்று மூன்று முறை கேட்கிறேன். ஆம் என்பவனைத் தண்டனைக்கு அனுப்புகிறேன். இல்லை என்பவன் உங்கள் உருவத்தின் முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன் என்று சொன்னவரும் உண்டு. விடியுமுன் கூடிப் பாடுவதும் திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுப்பதும்தான் தாங்கள் செய்தது என்றார்கள் அப்படி விட்டவர்கள். இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தும், மிதமிஞ்சிய மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்த இரு பெண்களும் சபையின் ஊழியக்காரர்கள் என்பதை அவரே குறிப்பிடுகிறார். பலியிட்ட இறைச்சி வாங்க ஆளில்லாமல் கிடந்தது, இப்போது மீண்டும் விற்பனையாகிறது என்றும் ஒரு வரி வருகிறது. டிராஜனின் பதில் சுருக்கமானது: தேடிப் பிடிக்க வேண்டாம், கொண்டுவந்து குற்றம் நிரூபணமானால் தண்டிக்கலாம், பெயரில்லாத புகார்களை ஏற்கக் கூடாது. வெறி இல்லை, கோபமும் இல்லை. எனக்கு நீரோவைவிட இந்த நிதானம்தான் அச்சமூட்டுகிறது.

அடுத்தது 250. டேசியஸ் பேரரசன், குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு அதை உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன்’ என்று நம் தாலுகா அலுவலக மனுபோலவே இருக்கும். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பலியிட வந்த கிறிஸ்தவர்களின் கூட்டம் தாங்காமல், பொழுது சாய்ந்ததால் சிலரை மறுநாள் வரச் சொன்னார்களாம்; அவர்களோ இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். இதை எழுதியவர் அவர்களின் ஆயரான சிப்ரியன்தான். காசு கொடுத்துப் பலியிடாமலே சான்றிதழ் வாங்கியவர்கள் தனி வகை. சிப்ரியன் அந்தச் சமயத்தில் தலைமறைவாக இருந்தார். அதற்காக ஏச்சும் வாங்கினார்.

ஆபத்து ஓய்ந்ததும் தவறியவர்கள் சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். சிறையில் சித்திரவதைப்பட்டவர்கள் சிலர் அவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க, ஆயர்கள் கொதித்தார்கள். ரோமில் நோவாட்டியன், இவர்களைச் சேர்க்கவே கூடாது என்று தனிச் சபையாகப் பிரிந்து போனார். ஓடி ஒளிந்த அதே சிப்ரியன் 258-இல் தலை வெட்டுண்டு மாண்டார். சாகத் துணிந்தவர்களுக்கும் பிழைத்துக்கொண்டவர்களுக்கும் நடுவே எழுந்த இந்தச் சண்டையைப் பத்து மணி நேரத் தொடராக யாராவது எடுத்தால் நான் முதல் ஆளாக உட்காருவேன்.

வாலிபர் கூட்டத்தில் திரையிடுங்கள், தவறில்லை. ஐந்து பகுதிகளையும் ஒரே நாளில் ஓட்டாமல் வாரம் ஒன்றாகக் காட்டுங்கள். கடைசி வாரம் பிளினியின் கடிதத்தையும் டிராஜனின் பதிலையும் இருவரை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். பிறகு நீங்கள் எதுவும் பேச வேண்டாம், அவர்கள் பேசட்டும்.