ஏற்காட்டில் அடித்த லாக்கர் பால்போல வெளுத்தால்

கிட்டாரோட ஈட்டி மரப் பின்பலகையில லாக்கர் அடிச்சதும் பால்போல வெளுத்துப் போச்சு, என்ன செய்யலாம்னு கேட்டிருக்கீங்க. சுரண்டாதீங்க, மணல்தாளும் போடாதீங்க. அதுல பூத்திருக்கிற வெளுப்பு பெரும்பாலும் ஈரம்தான்.

ஏற்காட்டுல மேகம் ஜன்னல் வழியா உள்ளே வர்ற நாள்ல நைட்ரோ லாக்கர்ங்கிற மரப்பூச்சை அடிச்சிருக்கீங்க. லாக்கரை நீர்க்க வைக்கிற தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு சில்லுனு ஆயிடும். காத்துல இருக்கிற நீராவி அதுல படிஞ்சு, லாக்கர் இறுகும்போது உள்ளேயே மாட்டிக்கும். கறுத்த மரத்துல அது பளிச்சுனு தெரியும்.

ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கின நாளாப் பாருங்க. ஸ்ப்ரேக்குக் காத்து தர்ற கம்ப்ரஸர் தொட்டியில தேங்கின தண்ணியை முதல்ல திறந்து விடுங்க, பலரும் மறக்கிறது இதைத்தான். பலகை ஓரத்துல உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் மெதுவா ஆவியாகிற ரிடார்டர் தின்னரை ஒரு கை, புகை மாதிரி மெலிசா அடிங்க. கொஞ்ச நேரத்துல மர ரேகை தெளிஞ்சு வந்தா ஈரம்தான், முழுசுக்கும் அப்படியே செய்யலாம். தெளியலைன்னா வெளுப்பு அடிப்பூச்சுல இருக்கலாம். மேலே இன்னொரு கோட் ஏத்தாதீங்க.

ஒண்ணு மட்டும் கவனம். சீக்கிரம் காயட்டும்னு சேலத்துக்கு இறக்கி வெயில்ல வச்சிராதீங்க. மலை ஈரத்துல ஒட்டின பலகை கீழே வந்ததும் சுருங்கும். என் கிட்டாரோட ஸ்ப்ரூஸ் மர முகப்பு ஒண்ணு, கம்பிகளைத் தாங்குற பிரிட்ஜுக்குக் கீழே நூல் பிடிச்ச மாதிரி நேரா வெடிச்சது அப்படித்தான்.