கனடா போய் வந்தால் ஆறு மாதம் புதிதாகத் தொடங்குமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் அமெரிக்காவின் பத்து வருட விசிட்டர் விசா உண்டு. மே மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போகிறோம். ஆறு மாதம் முடிகிற சமயத்தில் டொராண்டோவில் உள்ள மச்சினர் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் இன்னும் ஆறு மாதம் தங்கலாம் என்கிறான் மகன். சரிதானா?
– வாசகர், சேலம்

பதில்: அதை நம்பி ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

பத்து வருடம் என்பது விசாவின் ஆயுள். வாசல் வரை போய் நிற்க அது போதும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் இமிகிரேஷன் அதிகாரிதான் முடிவு செய்வார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். விசிட்டர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் தருகிறார்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பெரும்பாலும் அதே பழைய ஐ-94தான் தொடரும். ஏற்காடு ஏரியில் அரை மணி நேரப் படகுக்குப் பணம் கட்டிவிட்டு, நடுவில் கரையேறி டீ குடித்துவிட்டு வந்தால் கடிகாரம் நிற்குமா? அந்த மாதிரிதான். அதிகாரி மனது வைத்துப் புதுத் தேதி போடலாம், அது அவர் இஷ்டம். திரும்பி வந்ததும் ஐ-94ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள்.

முதலில் இறங்கிய மறுநாளே மகனை உட்கார வைத்து, அமெரிக்க அரசின் ஐ-94 தளத்தில் அந்தப் பதிவை எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு முன்பே காலாவதியாகிறது என்றால், அதிகாரி ஐ-94ஐயும் அந்தத் தேதியோடு நிறுத்திவிடக்கூடும். அப்படி இருந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். விசா உள்ள பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த விசா செல்லும்.

அப்புறம், அமெரிக்க விசா இருக்கிறது என்பதற்காகக் கனடா உங்களை உள்ளே விடாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கைரேகை, பாஸ்போர்ட் ஒப்படைப்பு என்று அலைச்சல் இருப்பதால், ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. நயாகராவைப் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் இதெல்லாம் வேண்டாம், அமெரிக்கக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

நிஜமாகவே கூடுதல் நாள் தேவைப்பட்டால் நேர்வழி ஐ-539 விண்ணப்பம். ஐ-94 தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போடச் சொல்கிறார்கள். எதுவும் போடாமல் தேதி தாண்டி உட்கார்ந்துவிட்டால் உங்கள் பத்து வருட விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டிய பிறகு வெளியேறினால் மூன்று வருடம் உள்ளே நுழைய முடியாது.

டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து திரும்பினால் அமெரிக்க இமிகிரேஷன் அங்கேயே நடக்கும். அதனால் நேரத்தோடு போய்விடுங்கள். 'எப்போது ஊர் திரும்புவீர்கள்?' என்று கேட்பார்கள். டிசம்பரில் காபிப் பழம் பறிக்க ஆள் விடவேண்டும் என்று உள்ளதைச் சொல்லி, டிக்கெட்டைக் காட்டுங்கள்.