சனுல்லிம்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்கொரியாவின் சனுல்லிம் என்னும் ராக் இசைக்குழு 1977இல் வெளியிட்ட ‘அனி பொல்ஸோ’ பாடலைச் சில நாட்களாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மொழி தெரியாது, ஆனாலும் மனம் துள்ளுகிறது. அது பாக் சுங்-ஹீயின் சர்வாதிகாரக் காலம் என்று படித்ததும் குற்ற உணர்வு வந்துவிட்டது. பாடலில் மறைமுகமான எதிர்ப்பு ஏதேனும் உண்டா? இல்லையென்றால் இது மேலோட்டமான கேளிக்கைதானே?

க.

அன்புள்ள க.,

மொழி தெரியாமல் ரசிப்பதில் தவறேதும் இல்லை; அதை விட்டுவிடுவோம். உங்கள் கடைசி வரிதான் என்னைச் சீண்டியது. அழுகிற பாட்டிடம் நாம் எதையும் கேட்பதில்லை. சிரிக்கிற பாட்டை மட்டும் வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறோம். இந்த வழக்கத்தை நம் தீவிர வாசகர்களிடம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கிறேன்.

காலப் பின்னணி முக்கியம்தான். 1975 டிசம்பரில் தொடங்கிய கஞ்சா வழக்குகளில் ஷின் ஜுங்-ஹியோன் போன்ற முன்னணி ராக் கலைஞர்கள் சிக்கி, மேடையிலிருந்தே விலக்கப்பட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் கிம் சாங்-வான், சாங்-ஹூன், சாங்-இக் என்னும் மூன்று சகோதரர்கள் தங்கள் முதல் இசைத்தட்டோடு வந்தார்கள். பாடலில் நடப்பது இவ்வளவுதான்: பார்த்தால் வெயில் வந்துவிட்டது, தெருவில் எதிர்ப்படுவோர் கண்களில் அன்பு இருக்கிறது, பிறகு பார்த்தால் இரவாகிவிட்டது, தெருவிளக்குகள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. நள்ளிரவு முதல் காலை நான்கு மணிவரையிலான ஊரடங்கு 1982 ஜனவரி வரை நீடித்த நாடு அது. ‘அப்படியானால் இதுதான் எதிர்ப்பு’ என்று உடனே எனக்கு அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மக்கள் உற்சாகமாக இருக்க வேண்டும் என்று அந்த அரசும்தான் விரும்பியது. நாட்டுப்பற்றும் நல்லொழுக்கமும் ததும்பும் ‘ஆரோக்கியமான’ பாடல்களை அதுவே பரப்பியது. பளிச்சென்ற காலை, புன்னகைக்கும் தெரு என்ற இதே வரிகளைப் பயின்ற குரலில், பெரிய வாத்தியக் குழுவோடு பாடியிருந்தால் அரசு விளம்பரமாகவே ஆகியிருக்கும். ஆகாமல் காப்பாற்றியது இசைதான். பேஸ் கிதார் ஒரு சிறிய சுழற்சியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அதன் மேல் ஃபஸ் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) ஏற்றிய கிதார் கரகரவென்று உரசிக்கொண்டு போகிறது. சாங்-வானோ குரலை இழைக்காமல், நடுக்கமோ அலங்காரமோ சேர்க்காமல், பேசுவதுபோலப் பாடுகிறார். யாரையும் உற்சாகப்படுத்த வேண்டும் என்ற நோக்கமே அந்தக் குரலில் இல்லை. ஏவலுக்குச் சிரிப்பதற்கும் தன்னால் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் காது முதல் நாளே கண்டுகொண்டது, அதனால்தான் மனம் துள்ளியது. பிறகு நீங்கள் எதையோ படித்துவிட்டு அந்தக் காதை நம்ப மறுத்தீர்கள். என் கோபம் அதில்தான். அந்தக் காதின் மேல் எனக்குப் பிரியமே உண்டு.

டிரம்ஸ் வாசித்த கடைசித் தம்பி சாங்-இக் 2008இல் கனடாவில் ஒரு விபத்தில் இறந்தார். அதன்பின் சனுல்லிம் என்ற பெயரில் இயங்குவதை அண்ணன் சாங்-வான் நிறுத்திக்கொண்டார். இதை அறிந்தபிறகும் அந்த டிரம்ஸ் எனக்குத் துயரமாகக் கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்காது.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், பேஸ் செத்துப்போகும். அடுத்ததாக, 1978இல் வந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டின் முதல் பாடலைக் கேளுங்கள். குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கும் மேலாகும், தள்ளிவிடாமல் காத்திருங்கள்.