உப்பளத்தில் ஸ்னோ மோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற பிறகு, மகள் வாங்கித் தந்த சின்ன டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துப் பழகுகிறேன். டயலில் உள்ள பி, ஏ, எஸ், எம் (கடைசியது மேனுவல், எல்லாவற்றையும் நாமே வைப்பது) எதுவும் பிடிபடவில்லை. காட்சியின் பெயரைத் தேர்ந்தால் மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் சீன் மோடுதான் கதி. போன ஞாயிறு தூத்துக்குடி உப்பளத்தில் லேண்ட்ஸ்கேப் மோடில் எடுத்தேன். வெள்ளை வெளேரென்ற அம்பாரம் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது. "மேனுவலுக்கு மாறாதவரை இப்படித்தான்" என்கிறார் நண்பர். அப்படியா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் மேனுவலில் வைத்து, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்டுகிறபடியே எடுத்திருந்தாலும் அதே சாம்பல்தான் வந்திருக்கும். எதிரே இருப்பது கரியா உப்பா என்று மீட்டருக்குத் தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். படம் முழுக்க உப்பாக இருந்தால் 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். லேண்ட்ஸ்கேப் மோடு இதைக் கண்டுகொள்ளாது. தூரம்வரை தெளிவாகத் தெரிய லென்ஸ் துவாரத்தைச் சுருக்கும், நீலத்தையும் பச்சையையும் தூக்கிக் காட்டும், அத்தோடு சரி.

மெனுவில் 'ஸ்னோ' இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் 'பீச்' என்றிருக்கும். தூத்துக்குடியில் பனிக்கு எங்கே போவது என்று நம்மவர்கள் அதைத் தொடுவதே இல்லை. கேமராவுக்குப் பனியும் உப்பும் ஒன்றுதான். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு பங்கு ஒளியைக் கூட்டிவிடும், உப்பு வெள்ளையாகிவிடும். வாசலை அடைத்துப் போட்ட கோலத்துக்கும் இதே மோடுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

வாருபலகையால் உப்பு வாருகிறவர்களை எடுக்க 'ஸ்போர்ட்ஸ்' வையுங்கள். ஷட்டர் வேகம் ஏறும், கை அசைவு கலங்காது. விடியற்காலை என்றால் 'சன்செட்'. ஆட்டோ அந்தப் பொன்னிறத்தைக் குறையென்று நினைத்துச் 'சரிசெய்து' வைக்கும். சன்செட் அதில் கைவைக்காது. போர்ட்ரெயிட் மோடிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உங்களுடையதைப் போன்ற சின்ன கேமராக்களில் படத்தைப் பதிகிற சென்சார் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவுதான், பின்னணி லேசில் மங்காது. நாலடி பின்வாங்கி, ஜூமை முழுக்க நீட்டி எடுத்தால் கொஞ்சம் தேறும்.

மேனுவல் இப்போதைக்கு வேண்டாம். பழகத் தோன்றினால் 'பி'யில் (ஷட்டரையும் துவாரத்தையும் கேமராவே பார்த்துக்கொள்ளும்) வைத்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனால் வெளிச்சத்தை +1 ஏற்றிப் பாருங்கள். ஸ்னோ மோடு உள்ளே செய்வதும் ஏறக்குறைய அதுதான். அதே அம்பாரத்தை லேண்ட்ஸ்கேப்பில் ஒன்று, ஸ்னோவில் ஒன்று, பியில் ஒன்று எடுத்து, திரையில் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்களை ஒப்பிட்டால் யார் சொல்லியும் தர வேண்டாம்.

எடுத்து முடித்ததும் மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள். உறவினர் கல்யாணத்துக்கு நான் ஸ்னோவை மாற்றாமலே போய்விட்டேன். மணப்பெண் முகத்தில் மூக்கைத் தேட வேண்டியிருந்தது.