கூரைக் கசிவை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டை விற்க இருக்கிறோம். கனமழை பெய்தால் மாடி அறையின் கூரையில் நீர் கசிகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பின்புறச் சமையலறையை அனுமதி வாங்காமல் நீட்டிக் கட்டியிருக்கிறோம். கறை தெரியாமல் சாயம் அடித்துவிடும்படி முகவர் சொல்கிறார். நாங்கள் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும், ஐயா?

பதில்: ஏற்கெனவே குடியிருந்த வீட்டை விற்பவர் அதன் குறைகளைத் தாமாகவே பட்டியலிட்டுத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை, பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பதே பொது விதி. மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்கும் வீட்டுக்கு உள்ள 24 மாதப் பழுதுபார்ப்புக் காப்பும் இங்கே பொருந்தாது. ஆனால், இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறுமனே பேசாமல் இருப்பதை மோசடியாகக் கருதுவதில்லை. அதே பிரிவு, தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பதை மோசடி என்கிறது. சட்டமே தரும் உதாரணம் ஒரு குதிரை: நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காதிருந்தால் மோசடி இல்லை, ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் மௌனம் காத்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

உங்கள் முகவரின் யோசனை ஆபத்தானது. கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தபடி இருந்தால், அதைக் கவனிக்காத வாங்குபவரிடம், "சற்றுக் கவனித்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று வாதிட 19ஆம் பிரிவு ஓரளவு இடம் தருகிறது. அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசிய கணமே அந்த வாதம் கைநழுவுகிறது. கறையை மறைத்தவர் நீங்கள் என்றாகிவிடும். ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் இழப்பீடு கோரவும் வாங்குபவருக்கு வழி பிறக்கும். கசிவைச் சரிசெய்து, அந்தப் பில்லை வைத்துக்கொண்டு, பிறகு சாயம் அடியுங்கள்.

வெள்ளத்தை நீங்களாக எடுத்துச் சொல்லாவிட்டாலும், "இங்கே தண்ணீர் ஏறுமா?" என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பினாங்கில் வீடு பார்க்க வருபவர் இதைக் கேட்காமல் போவது அரிது. முகவர் உங்கள் சார்பில் பொய் சொன்னாலும் அது உங்கள் தலையில்தான் விழும்.

சமையலறைதான் பெரிய சிக்கல். விற்பனை ஒப்பந்தங்களில், அதிகாரிகளிடமிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை என்ற உறுதிமொழி பெரும்பாலும் இருக்கும். பினாங்கு மாநகர் கழகத்தின் கடிதம் ஏதாவது உங்கள் இழுப்பறையில் கிடந்தால், அந்த உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திடாதீர்கள். கடிதம் வராவிட்டாலும், அனுமதியில்லா நீட்டிப்பு எனத் தெரிந்தே வாங்குபவர் வாங்குவதாக ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். முன்பணம் கைமாறும் முன்பே அதைச் செய்யுங்கள். விலையில் சில ஆயிரம் ரிங்கிட் குறையலாம். நில வரி, கதவு வரி (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பாக்கியையும் அதே கையோடு தீர்த்துவிடுங்கள்.