கிளட்ச் பெடல் இல்லாத காருக்கு கிளட்ச் பிளேட் எதற்கு?

கேள்வி: ஏழு ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். மேடு ஏறும்போது இன்ஜின் இரைகிறதே தவிர, வண்டி வேகம் எடுக்க மறுக்கிறது. கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கிளட்ச் பெடலே இல்லாத காரில் கிளட்ச் எங்கிருந்து வந்தது?

பதில்: பெடல் இல்லை என்பதால் கிளட்சும் இல்லை என்று ஆகிவிடாது. விற்கும்போது எல்லா வகைகளையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஆகவே, மெக்கானிக்கைச் சந்தேகிக்கும் முன், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

அது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) வகை என்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது கால் செய்யவேண்டிய வேலையை, கணினியின் கட்டளைப்படி ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் அதில் உண்டு. மேனுவல் காரில் தேய்வது போலவே தேயவும் செய்யும். மேட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டி பின்னால் உருளாதபடி பிடித்து வைப்பவர்கள், ஆட்டோமேட்டிக் தானே என்ற தைரியத்தில் பிளேட்டைத் தாங்களே எரித்துக்கொண்டிருக்கிறார்கள். புதிய செட்டைப் பொருத்தியதும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை ஸ்கேனர் கருவி வழியாகக் கணினிக்குப் பதிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், புதிய பிளேட்டிலும் வண்டி குலுங்கியபடியே கிளம்பும்.

டி.சி.டி. (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன்) வகையில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்சுகள் உண்டு. உலர் வகையானால் அவையும் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்; எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈர வகை பொதுவாக நீண்ட நாள் உழைக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில்தான் கதை வேறு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே விசையைக் கடத்துவது எண்ணெய். இன்ஜினோடு சுழலும் சக்கரம் வீசியடிக்கும் எண்ணெய், எதிரேயுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்சும், கியர்களை மாற்ற உதவும் பல அடுக்குக் கிளட்சுகளும் உள்ளே இருந்தாலும், அவற்றைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கம் இல்லை. கியர்பாக்ஸைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போதே மாற்றுவார்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்தாலும் நீங்கள் சொல்லும் அதே அறிகுறி தோன்றும் என்பதால், இவ்வகையில் முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தேய்மானம் இருக்கக்கூடும்.

உங்களுடையது ஏ.எம்.டி. எனத் தெரிந்து வேலையை ஒப்படைத்தால், கழற்றிய பிளேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உராய்வுப் பட்டை ரிவெட் தலைகள் வரை தேய்ந்திருந்தாலோ, கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தில் சூட்டினால் நீலத் திட்டுகள் படிந்திருந்தாலோ, மெக்கானிக் சொன்னது உண்மை என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.